குறை சொல்ல ஒரு கடை

சென்ற மார்கழியில் அருப்புக்கோட்டையில் ஓர் இலக்கியக் கூட்டம். தலைப்பு: தமிழரும் மதுவும். இரண்டு பேர் பேசினார்கள். முதலாமவர் பேராசிரியர். சங்கப் புலவர்கள் கள்ளைப் பாடியதையும், அதியமான் ஒளவைக்குக் கள் கொடுத்து உபசரித்ததையும் சொல்லி, அந்தப் பெருவாழ்வு போயிற்றே என்று நெகிழ்ந்தார். அவர் கள்ளைக் குடித்தவர் இல்லை. குடிக்க நினைத்தவரும் இல்லை. அவருக்குக் கள் ஒரு மேற்கோள். இரண்டாமவர் மதுவிலக்குப் பிரசாரகர். தாலி இழந்த பெண்கள், படிப்பை விட்ட பிள்ளைகள் என்று அடுக்கினார். சொன்னதெல்லாம் உண்மை. ஆனால் பல வருஷங்களாக ஒரே வரிசையில், ஒரே ஏற்ற இறக்கத்தோடு சொல்லிச் சொல்லி, உண்மையே தேய்ந்துபோயிருந்தது. இருவருக்கும் ஒரே அளவில் கைதட்டல் கிடைத்தது. நேர் எதிரான இரண்டு பேச்சுக்கு ஒரே சபை ஒரே அளவில் கைதட்டுகிறது என்றால், அது இரண்டையுமே கேட்கவில்லை என்று அர்த்தம்.

கடைசியில், கேள்வி இருந்தால் கேட்கலாம் என்று தலைவர் சம்பிரதாயத்துக்குச் சொன்னார். பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். விசைத்தறியில் வேலை பார்ப்பவர்.

"எல்லாஞ் சரிங்கய்யா. கடையில குடுக்குற சரக்கு நல்லா இருக்கா, இல்லையான்னு ஒருத்தரும் சொல்லலையே?"

சபை சிரித்தது. நானும் சிரித்தேன். வீடு திரும்பும்போதுதான் உறைத்தது. அன்று மாலை அந்த மண்டபத்தில் கேட்கப்பட்ட ஒரே விமர்சனக் கேள்வி அதுதான். இலக்கிய விமர்சனம் எழுதுகிறவன் என்று ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த நான் அதற்குச் சிரித்திருக்கிறேன். இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்புக்காக எழுதுவது.

விமர்சனம் எங்கே தொடங்குகிறது? கல்லூரியில் எங்களுக்கு அரிஸ்டாட்டிலிலிருந்து தொடங்கினார்கள். அது பாடத்திட்டத்தின் சௌகரியம். உண்மையில் அது பூக்கடையில் தொடங்குகிறது. மல்லிகை முழம் போடும்போது "கை குட்டையாப் போகுதே" என்று சண்டை பிடிக்கிற பெண்ணுக்கு மூன்று விஷயங்கள் தெரியும். பூ எப்படி இருக்க வேண்டும் என்று தெரியும். தன் கைக்கு வந்திருப்பது எப்படி இருக்கிறது என்று தெரியும். நாலடி தள்ளி இன்னொரு பூக்காரி உட்கார்ந்திருக்கிறாள் என்பதும் தெரியும். முதல் இரண்டும் ரசனை. மூன்றாவது சுதந்திரம். மூன்றாவது இல்லாத இடத்தில் முதல் இரண்டும் கொஞ்ச காலம் உயிரோடு இருக்கும், பிறகு செத்துவிடும். திரும்பத் திரும்பச் சொல்லியும் பயனில்லாத குறையை மனிதன் சொல்வதை நிறுத்துகிறான். அதன் பிறகு உணர்வதையும் நிறுத்திவிடுகிறான்.

இந்த மண்ணில் மதுவுக்கு நேர்ந்தது இதுதான். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகிற சாலையில் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். அதற்கு மேலே தலை நீட்டி அங்கங்கே பனை. மேல்நாட்டில் வீட்டில் பியர் காய்ச்ச விரும்புகிறவனுக்கு ஒரு கடை வேண்டும்: முளைகட்டி உலர்த்திய பார்லி, ஹாப்ஸ் பூ, ஈஸ்ட், கண்ணாடிக் குடம் எல்லாம் விற்கிற கடை. பனைக்கு அப்படி ஒரு கடை தேவைப்படவில்லை. மரமே கடை. பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டினால் காற்றில் இருக்கிற ஈஸ்ட் தானாக வந்து வேலையை ஆரம்பித்துவிடும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். ஒரு விரல் சுண்ணாம்பு வித்தியாசம்தான். 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அந்த ஒரு விரல்தான் தொழிலுக்கும் குற்றத்துக்கும் நடுவில் நிற்கிறது.

கள் மணிக்கணக்கில் மாறுகிற பொருள். காலையில் இனிப்பு, உச்சியில் கடுப்பு, சாயங்காலம் புளிப்பு. அதனால் குடிக்கிறவனுக்கு அபிப்பிராயம் இருந்தே தீர வேண்டும். எந்த மரம், எந்த நேரம், கலயம் கழுவினதா இல்லையா, தண்ணீர் கலந்ததா என்று நாக்குக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாதவன் ஏமாந்தான். விற்கிறவனும் அதே ஊர்க்காரன். மறுநாள் அதே முகத்தில் விழிக்க வேண்டியவன். இதைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கடைகளில் கடன் இருந்தது, அடிதடி இருந்தது, பனையேறுகிறவனை ஊர் தள்ளிவைத்த சாதிக் கொடுமை இருந்தது. ஆனால் குறை சொன்னால் அது போய்ச் சேர ஒரு காது இருந்தது. நான் சொல்வது அவ்வளவுதான்.

அந்தக் காது எப்படிப் போயிற்று என்பதைத் தேதி வாரியாகவே பார்க்கலாம். 1937 அக்டோபரில் ராஜாஜி மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948ல் அது மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971ல் கருணாநிதி அரசு அதைத் தள்ளிவைத்துக் கடைகளைத் திறந்தது. 1974க்குள் மறுபடி மூடியது. 1977ல் எம்.ஜி.ஆர். முதலமைச்சரானார், அவரைச் சட்டசபைக்கு அனுப்பிய தொகுதி எங்கள் அருப்புக்கோட்டை. அவருடைய அரசு 1981ல் கள், சாராயக் கடைகளைத் திறந்தது. 1983ல் டாஸ்மாக் நிறுவனத்தை உண்டாக்கி, சீமைச் சரக்கின் மொத்த வியாபாரத்தை அதன் கையில் கொடுத்தது. 1987 பிறந்ததும் கள்ளையும் சாராயத்தையும் தடை செய்தது. 1990ல் மலிவு விலை மது வந்தது, 1991ல் போனது. கடைசியாக 2003 நவம்பர் 29ல், உரிமம் எடுத்து நடத்திய தனியார் சில்லறைக் கடைகள் அனைத்தையும் ஜெயலலிதா அரசு டாஸ்மாக்கின் கைக்கு மாற்றியது.

இந்தப் பட்டியலில் கட்சி வித்தியாசம் தேடுகிறவர்கள் தேடட்டும். எனக்கு வேறொன்று கண்ணில் படுகிறது. திறந்தபோதும் மூடியபோதும் கை மாறியபோதும், குடிக்கிறவனை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் திருத்தப்பட வேண்டிய பாவி, அல்லது கறக்கப்பட வேண்டிய மாடு. மூன்றாவதாக, காசு கொடுத்துப் பொருள் வாங்குகிறவன் என்ற எளிய அந்தஸ்து அவனுக்கு இந்தத் தொண்ணூறு வருஷத்தில் ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. அவன் வீட்டுப் பெண்ணையும் யாரும் கேட்கவில்லை. அவளிடம் பிறகு வருகிறேன்.

2003க்கு முந்திய தனியார் கடைக்காரர்கள் உத்தமர்கள் இல்லை. உரிமத்தைச் சிலர் கூடிப் பங்கு போட்டுக்கொண்டதும், சரக்கில் தண்ணீர் ஊற்றியதும் நாடறிந்த கதை. ஆனாலும் ஒரு கடையில் சண்டை போட்டவன் இன்னொரு கடைக்குப் போக முடிந்தது. இன்று விற்கிறவரும், என்ன விற்பது என்று தீர்மானிக்கிறவரும், விலை வைக்கிறவரும், வரி வாங்குகிறவரும், குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் பிடிக்கிறவரும் ஒருவரே. 2023-24ல் மட்டும் இந்தக் கடைகள் அரசுக்கு 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் வருமானம் கொடுத்திருக்கின்றன. அச்சிட்ட விலைக்கு மேல் பத்து ரூபாய் வாங்குகிறார்கள் என்ற புகார் ஊருக்கெல்லாம் தெரிந்தது. அதற்காக நிறுவனமே ஊழியர்கள் மேல் நடவடிக்கை எடுத்திருக்கிறது. அந்த ஊழியர்களைத் திட்டுவது சுலபம். பட்டம் படித்துவிட்டுத் தொகுப்பூதியத்தில் கம்பி வலைக்குப் பின்னால் நிற்கிறவனைத் திட்டுவது விமர்சனமல்ல. இருக்கிற ஆளில் கைக்கு எட்டியவனை அடிப்பது.

பத்து ரூபாயைவிடப் பெரிய நஷ்டம் வேறு இருக்கிறது. அது பேச்சில் நடந்த நஷ்டம். "இன்னது வேண்டும்" என்று கேட்கிற வழக்கமே போய்விட்டது. "என்ன இருக்கு?" என்பதுதான் இன்றைய வாக்கியம். சரக்கின் பெயர்கூட வேண்டாம். குவார்ட்டர் என்ற அளவு போதும். ருசியைச் சொல்லும் சொற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, அளவைச் சொல்லும் ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஒரு ஜனத்தின் ரசனையை அழிக்க இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. கடையை ஒன்றாக்கினால் போதும். மீதி வேலையை ஜனங்களே செய்துகொள்வார்கள்.

வேறு இடத்தில் இதே நாடகம் எப்படி நடந்தது என்று பார்ப்பது உபயோகமாக இருக்கும். அமெரிக்காவில் வீட்டில் பியர் காய்ச்சுவதற்கு இருந்த மத்திய அரசுத் தடையை 1978ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் நீக்கியது. அலபாமாவும் மிஸிஸிப்பியும் 2013 வரை விடாப்பிடியாக இருந்தன. வீட்டில் காய்ச்சுகிறவர்களுக்குப் பொருள் விற்க ஊருக்கு ஊர் சின்னக் கடைகள் தோன்றின. அப்படி 1993ல் மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில் தொடங்கிய ஒன்று நார்தர்ன் புரூவர். 2016ல் அதை வாங்கியது உலகத்தின் மிகப் பெரிய பியர் கம்பெனியான ஏபி இன்பெவின் ஒரு கிளை. பெரிய கம்பெனிகளின் சப்பென்ற பியர் பிடிக்காமல் தானே காய்ச்சத் தொடங்கியவர்கள், பார்லியும் ஈஸ்டும் வாங்கும் காசு அதே கம்பெனியின் கல்லாவுக்குப் போகிறது என்று தெரிந்ததும் கொதித்தார்கள். பலர் வேறு கடைக்கு மாறினார்கள். சில வருஷங்களில் கம்பெனியும் அந்தக் கடையை வேறொரு முதலீட்டு நிறுவனத்திடம் கை கழுவியது.

இதைவிட நமக்குப் பாடமான விஷயம் அதன் பக்கத்திலேயே நடந்தது. குடிக்கிறவர்கள் தாங்களே கூடிப் பியர்களைச் சீர்தூக்கி மதிப்பெண் போடும் இடமாக 2000 முதல் ரேட்பியர் என்று ஒன்று இருந்தது. அதிலும் இதே கம்பெனி பங்கு வாங்கியிருக்கிறது என்பது 2017ல் வெளியே தெரிந்தது. காய்ச்சுகிறவனே விமர்சகனுக்கும் முதலாளி. சிறிய பியர் காய்ச்சுகிறவர்கள் சிலர், எங்கள் பியரை அங்கே மதிப்பிடவே வேண்டாம் என்று எழுதினார்கள். 2025ல் ரேட்பியர் மூடப்பட்டுவிட்டது. கடை கைமாறினால் ருசி கொஞ்சம் கெடும். விமர்சனம் கைமாறினால் ருசி கெட்டது என்பதே தெரியாமல் போகும்.

இங்கிலாந்துக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து 1971ல் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். காம்ரா என்று பெயர். பெரிய கம்பெனிகள் சின்ன மதுச்சாலைகளை விழுங்கி, பீப்பாயில் உயிரோடு நுரைக்கிற பழைய ஏலுக்குப் பதில், வடிகட்டி வாயு ஏற்றிய தட்டைச் சரக்கை எங்கும் ஒரே மாதிரி ஊற்றுவதை எதிர்த்து எழுந்தது. அவர்கள் கடையை மூடச் சொல்லவில்லை. பழம்பெருமை பாடவும் இல்லை. 'இது நன்றாக இல்லை, நன்றாக இருந்தது எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும்' என்றார்கள். ருசி ஓர் இயக்கமாக முடிந்தது, ஊர் தோறும் குறை சொல்ல ஆள் இருந்ததால்தான்.

நம் ஊரில் அப்படி ஒரு கடையே இருக்க வழியில்லை. தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டம், 1937ன்படி வீட்டில் காய்ச்சுவது குற்றம். அதற்கான பாத்திரத்தையும் பொருளையும் வைத்திருப்பதும் குற்றம். அதனால் நமது சொந்தக் காய்ச்சல் என்பது ஊறல். மண்ணுக்குள் புதைத்த பானை, வெல்லம், இந்தக் காடுகளில் வளரும் வெள்வேல மரத்தின் பட்டை. பட்டைச் சாராயம் என்ற பெயர் அந்தப் பட்டையால் வந்தது. இரவில் காய்ச்சி இரவிலேயே விற்பதில் குறை சொல்ல இடமேது? குறை சொன்னால் காட்டிக்கொடுக்கிறவன் என்று பெயர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சரக்கைக் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதற்கு முந்தின வருஷம் மே மாதத்தில் மரக்காணம் பக்கம் நடந்தது. இங்கே என் வாதத்துக்கு எதிரான ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: மெத்தனாலை நாக்கு கண்டுபிடிக்காது. ரசனை உயிரைக் காப்பாற்றும் என்று நான் சொல்லவில்லை. அதற்குச் சோதனைச்சாலை வேண்டும். ஆனால் கேட்கவும் பார்க்கவும் உரிமையுள்ளவனுக்குத்தான் சோதனைச்சாலை பயன்படும். இருட்டில் பாக்கெட் வாங்குகிறவனுக்குச் சோதனைச்சாலை செத்த பிறகுதான் வேலை செய்கிறது.

குடும்பங்கள் அழிகிற விஷயத்தில் ருசி, ரசனை என்று பேசுவது ஆபாசமில்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2015 ஜூலை 31ல் காந்தியவாதி சசிபெருமாள் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு மதுக்கடையை அகற்றக் கோரிக் கைபேசி கோபுரத்தில் ஏறிப் போராடி உயிர் விட்டார். கடையை உடைத்த பெண்களை ஊர் ஊராகப் பார்த்தோம். நான் அவர்களுக்கு எதிராகப் பேசவில்லை. அவர்கள் சொல்வதுதான் இதில் இருக்கிற குறைகளிலேயே கனமானது. வீட்டுக்குள் வந்து விழுகிற விளைவைப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு. அந்தத் தீர்ப்புக்கும் இங்கே காது கிடையாது. 2023 ஜூனில் 500 கடைகளை மூடினார்கள். எந்த 500 என்று முடிவு செய்த மேஜையில் அந்தப் பெண்களுக்கு நாற்காலி போடப்படவில்லை. கணவனின் குறையும் மனைவியின் குறையும் எதிரெதிரானவை. இரண்டும் போய் மோதுவது ஒரே சுவர்.

இதுவரை பிறரைப் பற்றிப் பேசியாயிற்று. நானும் ஒரு கண்ணாடிக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். 1969ல் 14 வங்கிகள் அரசுடைமை ஆயின. அதனால்தான் கரிசல்காட்டுக் கிராமங்களுக்கு வங்கி வந்தது; அதை மறுக்கிறவன் நானில்லை. 2020 ஏப்ரல் 1ல் பத்துப் பொதுத்துறை வங்கிகளை நாலாக்கினார்கள். நான் வேலை பார்க்கும் இடத்திலும் பெயர்ப்பலகை மாறியது. புத்தகம் மாறியது, எண்கள் மாறின. பூ விற்கிற அம்மா ஒருவர் புதுப் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"பேங்க யாருக்குத் தம்பி வித்தீக?"

"விக்கலம்மா. சேத்திருக்காங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?"

அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன். என் பதில் அவ்வளவுதான். வங்கிக்காவது குறைதீர்ப்பாளர் என்று ஓர் ஏற்பாடு 1995லிருந்து இருக்கிறது. ஆனால் அந்த அம்மா கேட்டது தீர்த்துவைக்கிற குறையல்ல. தன் பணம் கிடக்கிற இடத்தின் மேல் தனக்கு என்ன பாத்தியதை என்ற கேள்வி. அதற்கு என்னிடம் படிவம் இல்லை.

இலக்கியத்துக்கு வருகிறேன், இவ்வளவும் அதற்காகத்தான். 1948ல் மதுவிலக்கு மாகாணம் முழுவதும் வந்தது என்றேன். அதே 1948ல்தான் இந்த மாகாணத்தின் பொது நூலகச் சட்டமும் வந்தது. இந்தியாவில் அப்படி வந்தவற்றில் முன்னோடியான நல்ல சட்டம். வீட்டுவரியோடு வசூலிக்கும் தீர்வையில் ஊர் ஊராகப் புத்தகம் வைத்தது. அதைப் பழிக்கவில்லை. ஆனால் அதன் நிழலில் ஒரு வழக்கம் வளர்ந்திருக்கிறது. நூலக ஆணைக்கென்றே அச்சாகிற புத்தகம். அதற்கு வாங்குகிறவர் ஒருவர்தான். அவர் படிக்கப் போவதில்லை. படிக்கப் போகிறவன் வாங்கவில்லை; அதனால் அவனுக்குக் குறை சொல்ல வாயில்லை. நூலகத்துக்குள் நுழைகிற வாசகனும் மெல்ல மெல்ல "என்ன இருக்கு?" என்றே கேட்கப் பழகுகிறான்.

சி.சு. செல்லப்பா 1959ல் 'எழுத்து' தொடங்கினார். புத்தகங்களைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். இதைத் தியாகம் என்று சொல்லிச் சொல்லி அதன் அர்த்தத்தைக் கெடுத்துவிட்டோம். தயாரித்தவனே விற்கவும் வந்து நின்றதால் வாங்கியவன் முகத்துக்கு நேராக "புரியவில்லை, பிடிக்கவில்லை" என்று சொல்ல முடிந்தது. அவரும் பதிலுக்குச் சண்டை போட முடிந்தது. சிறுபத்திரிகை என்பது அந்தக் கடைதான். அதன் பலம் சின்னதாக இருப்பதில் இல்லை; குறை கேட்கும் தூரத்தில் இருப்பதில்.

இன்று நாம் அந்தத் தூரத்திலா இருக்கிறோம்? சக கவிஞனின் தொகுப்புக்கு நான் எழுதிய மதிப்புரைகளை எடுத்துப் பார்த்தேன். மூன்றில் இரண்டு, பேராசிரியர் கள்ளைப் பாராட்டிய மாதிரி இருக்கின்றன: ருசி பார்க்காத பாராட்டு. நாளைக்கு அவன் என் புத்தகத்துக்கு எழுதுவான் என்பது ஒரு காரணம். சண்டை போட்டால் போக வேறு பத்திரிகை இல்லை என்ற பயம் இன்னொன்று. அரசு நம்மை ஒன்றாக்கவில்லை. நாமே கூடி ஒரே கடையாகிவிட்டோம். கம்பி வலையையும் நாமே அடித்துக்கொண்டோம்.

கள்ளுக்கடையைத் திற என்று கேட்பது என் நோக்கமல்ல. திறக்கலாமா கூடாதா என்பதைப் பனையேறுகிறவர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் பேசி முடிவு செய்ய வேண்டும். பேராசிரியரும் பிரசாரகரும் அல்ல. நான் கேட்பது சின்ன விஷயம். திறந்தாலும் மூடினாலும், மது ஆனாலும் புத்தகம் ஆனாலும், "நல்லா இல்லை" என்று சொல்கிறவனைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க வேண்டும். அவன் சொல்வது தப்பாகக்கூட இருக்கலாம். அப்போது ஏன் தப்பு என்று அவனிடம் சொல்லட்டும். அப்படிச் சொல்வதற்குப் பெயர்தான் விமர்சனம்.

அந்த விசைத்தறிக்காரர் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அவர் கேள்விக்கு அன்று பதில் சொல்லப்படவில்லை. தலைவர் நன்றியுரைக்குப் போய்விட்டார்.